பின்னால் இன்னொரு படகு வருகிறது
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



வைத்தியரை மேடையில் ஏற்றினால் சீனி வருத்தம், பிரஷர், உப்பைக் குறையுங்கள் என்றுதான் பேசுவார் என்று நீங்கள் நினைப்பது முகத்தில் தெரிகிறது. பயப்பட வேண்டாம். இன்று ஒரு படகுப் பயணத்தின் கதையைச் சொல்லப் போகிறேன். கதை முடிந்ததும் சங்கத்திடம் ஒரு விண்ணப்பம் வைப்பேன்.

ஹாலிஎலயில் பிறந்த பிள்ளைக்குப் படகைப் பற்றி என்ன தெரியும்? நமக்கு ஆறு இருக்கிறது, படகு இல்லை. பதுளு ஓயாவில் துணி துவைத்திருக்கிறோம், காலை நனைத்திருக்கிறோம், மழைக்காலத்தில் தூர நின்று பயந்து பார்த்திருக்கிறோம். அந்த ஆறு துன்ஹிந்தவில் 64 மீற்றரை ஒரே தாவலில் குதிக்கிறது. அதில் யார் படகு விடுவது? போகொட மரப்பாலத்துக்குச் சுற்றுலா போனோமே, ஞாபகம் இருக்கிறதா? கூரை போட்ட அந்தப் பழைய பாலத்தின் மேலே எத்தனையோ தலைமுறை நடந்து போயிருக்கிறது. அதற்கு அடியில் படகு போனதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

முதன்முதலில் நான் படகில் ஏறியது முப்பது வயது கடந்த பிறகு, இங்கிலாந்தில். பட்டப்பின் படிப்பை முடித்துவிட்டு, வழக்கம்போல ஒரு வருட வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தேன். குளிரும் இரவு வேலையும் தனிமையும் சேர்ந்து, போன ஆறு மாதத்திலேயே களைத்துப் போனேன். அப்போது நம் பாடசாலை அக்கா ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். எனக்கு எட்டு வருடம் மூத்தவர், தாதியாகப் போய் அங்கேயே குடியிருப்பவர். நான் அவரை முன்பு பார்த்ததுகூட இல்லை. "ஹாலிஎலப் புள்ளையா? அப்ப சனிக்கிழமை என்னோட வா. கேள்வி எல்லாம் பிறகு கேள்" என்றார். பழைய மாணவியர் சங்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் அந்தத் தொலைபேசி அழைப்புதான்.

அக்காவும் அவருடைய கணவரும் மகனும் நானுமாக நான்கு பேர். அபிங்டன் என்ற ஊரில் இரண்டு நாளைக்கு ஒரு சிறிய மோட்டர் படகை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அங்கிருந்து தேம்ஸ் நதியில் மேல்நோக்கி, ஒக்ஸ்போர்ட் நகரத்தைத் தாண்டிப் போய்த் திரும்புவது திட்டம். அந்த ஆற்றில் படகு மணிக்கு 8 கிலோமீற்றருக்கு மேல் ஓடக் கூடாது. கரையில் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்த ஒரு முதியவர் வெகுநேரம் எங்கள் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தார். முதல் அரை மணித்தியாலம் எனக்குப் பொறுமையே இல்லை. வார்டில் ஓடி ஓடிப் பழகிய கால் அல்லவா? அக்கா ஒரு கோப்பைத் தேநீரைக் கையில் கொடுத்து, "இது ஊவாத் தேயிலை. மெதுவாக் குடி" என்றார்.

சிறிது தூரத்தில் ஆறு மறிக்கப்பட்டிருந்தது. குறுக்கே அணை, அதற்கு மேலே தண்ணீர் உயரத்தில் நிற்கிறது, நாங்கள் தாழ்வில் இருக்கிறோம். படகு எப்படிப் படியேறும்? அதற்குத்தான் லொக். அணையின் ஓரத்தில் ஒரு நீண்ட தொட்டி, அதன் இரண்டு முனையிலும் பெரிய கதவுகள். கீழ்க்கதவு திறந்திருந்தது. படகு உள்ளே நுழைந்தது, கதவு மூடியது. மேல் கதவிலுள்ள மடையைத் திறந்தார்கள். மேலாற்றுத் தண்ணீர் உள்ளே வந்தது, படகு எழும்பியது. உள்ளேயும் மேலேயும் தண்ணீர் ஒரே மட்டத்துக்கு வந்ததும் மேல்கதவைத் திறந்துவிட்டார்கள். அவ்வளவுதான். பம்ப் கிடையாது. தண்ணீர் தன் பாரத்தில் தானே இறங்கி வருகிறது, நம்மைத் தூக்கிவிடுகிறது.

அந்தக் கதவுகளைக் கவனித்துப் பார்த்தேன். இரண்டு கதவும் நேராகச் சேர்வதில்லை. நாம் கைகூப்பும்போது விரல் நுனிகள் சேர்வதுபோல, மேலாற்றுப் பக்கம் முனை வைத்துச் சேர்கின்றன. மேலேயிருந்து தண்ணீர் அழுத்த அழுத்தக் கதவு இன்னும் இறுகும். இரண்டு பக்கமும் மட்டம் சமமாகும் வரை யார் வந்து தள்ளினாலும் திறக்காது.

நமக்கு இது புதிது என்று சொல்ல முடியாது. பதுளைக்கு 1924இல் ரயில் வந்தபோது இதே கேள்விதான் எழுந்தது: இவ்வளவு சரிவில் ரயிலை எப்படி ஏற்றுவது? தெமோதரயில் மலையைச் சுற்றி வளையம் போட்டார்கள். பதுளையிலிருந்து வரும் ரயில் ஸ்டேஷனுக்கு அடியில் சுரங்கத்துக்குள் புகுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, அதே ஸ்டேஷனின் மேடைக்கு ஏறுகிறது. ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டியதைப் பார்த்துத்தான் எஞ்சினியருக்கு அந்த யோசனை வந்தது என்று நம் தாத்தாமார் கதை சொல்வார்கள். லொக்கின் கதையோ இன்னும் பழையது. சீனாவில் தானியப் படகுகளைச் சரிவுகளில் இழுத்து ஏற்றியபோது படகுகள் உடைந்தன, அந்தக் குழப்பத்தில் தானியமும் திருடுபோனது. 984ஆம் ஆண்டு சியாவ் வெய்யுவே என்ற அதிகாரி அதற்கு மாற்றாக இரண்டு கதவு வைத்த தொட்டியைக் கட்டினார். தேம்ஸ் நதியில் அப்படிப்பட்ட தொட்டிகள் முதலில் வந்தது 1630களில், ஒக்ஸ்போர்ட்டுக்கு அருகில் நாங்கள் போன அதே பகுதியில். அதற்கு முன்பு அணையில் ஒரு வழியைத் திறந்து, பாயும் தண்ணீரோடு கீழே வழுக்கி இறங்கினார்கள், அல்லது எதிர்த்து இழுத்து ஏற்றினார்கள். படகுகள் கவிழ்ந்தன, ஆட்கள் இறந்தார்கள்.

கொழும்பிலும் லொக் உண்டு. பேரே வாவிக் கரையில் தேயிலைக் களஞ்சியங்கள் இருந்த காலத்தில், நம் அம்மாமார் பறித்த கொழுந்து தூளாகிப் பெட்டியில் அடைபட்டு, வள்ளத்தில் ஏறி, லொக் வழியாகத்தான் துறைமுகத்துக்கு இறங்கியது. பிறகு கடல் தாண்டி இதே தேம்ஸ் நதியின் வாய்ப்பக்கம் லண்டன் துறைகளில் கரையேறியது. லண்டனில் 1998 வரை தேயிலை ஏலம் நடந்தது. ஆக, எனக்கு முன்பே என் அம்மாவின் கைப்பட்ட கொழுந்து அந்த ஆற்றைப் பார்த்துவிட்டது.

முதல் லொக்கில் நான் ஒரு பிழை செய்தேன். முன்கயிறு என் பொறுப்பு. கரையில் இருந்த கட்டையில் அதைச் சுற்றி, நன்றாக இறுக்கி முடிச்சும் போட்டுவிட்டேன். தோட்டத்துப் பிள்ளை அல்லவா, விறகுக் கட்டுக்குப் போடும் முடிச்சு! தண்ணீர் எழும்பியது, படகின் பின்பக்கம் எழும்பியது, முன்பக்கம் மட்டும் கீழே இழுபட்டது. லொக்கைக் கவனிக்கும் அம்மா ஒருவர் மேலேயிருந்து கத்தினார், உடனே மடையையும் மூடினார். அக்காவின் கணவர் பாய்ந்து வந்து முடிச்சை அவிழ்த்தார். அந்த அம்மா கோபப்படாமல் இறங்கி வந்து சொல்லித்தந்தார்: "கயிற்றைக் கட்டாதே, பிடித்துக்கொள். படகு ஏறும்போது தளர்வை இழுத்துக்கொள், இறங்கும்போது விட்டுக்கொடு." இறங்கும்போது முடிச்சுப் போட்டால் இன்னும் மோசமாம். தண்ணீர் கீழே போய்விடும், படகு சுவரில் தொங்கும்.

இன்னொரு விதியும் சொன்னார். லொக்குக்குள் வந்ததும் எஞ்சினை நிறுத்த வேண்டும். எவ்வளவு பலமான எஞ்சினாக இருந்தாலும் அங்கே அதற்கு வேலை இல்லை. தூக்குவது தண்ணீர்.

அடுத்த லொக் சான்ட்போர்ட். மேல் தேம்ஸில் மிக ஆழமான லொக் அது, ஏறத்தாழ 2.7 மீற்றர் ஏற்றம். உள்ளே போய் நின்றால் இரண்டு பக்கமும் ஈரமான, பாசி படிந்த உயர்ந்த சுவர். கிணற்றுக்குள் நிற்பதுபோல இருந்தது. கயிற்றை இந்த முறை ஒழுங்காகப் பிடித்தேன். ஆனால் கதவு மூடவில்லை. ஐந்து நிமிடம் போயிற்று, பத்து நிமிடம் போயிற்று. "என்னக்கா, ஏன் மூட மாட்டேங்கிறாங்க?" என்று கேட்டேன். அக்கா பின்னால் கையைக் காட்டினார். ஆற்று வளைவில் இன்னொரு சிறு படகு வந்துகொண்டிருந்தது, வயதான கணவனும் மனைவியும். அவர்கள் மெதுவாக வந்து எங்கள் பக்கத்தில் நின்றார்கள். அதன் பிறகும் ஒரு படகு வந்தது. மூன்று படகும் உள்ளே வந்த பிறகுதான் கதவு மூடியது.

எனக்கு எரிச்சல். அக்கா அமைதியாகச் சொன்னார்: "ஒரு படகை ஏத்தவும் இதே தண்ணிதான், மூணு படகை ஏத்தவும் இதே தண்ணிதான். தொட்டி ஒருக்கா நிரம்பணும். இடம் இருக்கும்போது ஏன் ஒண்ணை மட்டும் ஏத்தணும்?"

நான் ஒன்றும் பேசவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இவ்லி லொக்கையும் தாண்டி ஒக்ஸ்போர்ட்டுக்குள் போனோம். பெரிய பெரிய படிப்பாளிகள் இருந்த ஊர். அந்த ஊரின் நடுவே, மடியில் ரொட்டியையும் இடிசம்பலையும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே கடந்தோம். கரையில் நின்றவர்கள் கையசைத்தார்கள், நாங்களும் அசைத்தோம். ஒஸ்னி லொக்கைத் தாண்டியதும் பாலம் ஒன்று குறுக்கே மிகத் தாழ்வாகத் தெரிந்தது. ஒஸ்னிப் பாலத்துக்கும் தண்ணீருக்கும் இடையில் சாதாரணமாக 7 அடி 6 அங்குலம்தான், அதாவது 2.28 மீற்றர். மழை பெய்து ஆறு ஏறினால் அதுவும் குறையும். பெரிய சொகுசுப் படகுகள் எல்லாம் அந்த இடத்தோடு திரும்ப வேண்டியதுதான். எங்கள் படகின் கூரையை மடித்தோம், நான்கு பேரும் குனிந்தோம். பாலத்தின் அடிப்பக்கம் தலைக்கு மேலே ஊர்ந்து போனது. அந்தப் பக்கம் போய் நிமிர்ந்தால் வேறு ஓர் ஆறு! சத்தம் இல்லை, கூட்டம் இல்லை. அகன்ற புல்வெளியில் மாடும் குதிரையும் தண்ணீரில் நின்றபடி எங்களைப் பார்த்தன. அந்த இரவு அங்கேயே படகைக் கட்டித் தூங்கினோம். பல மாதங்களுக்குப் பிறகு நான் முழு இரவும் தூங்கியது அன்றுதான்.

மறுநாள் காலை கொட்ஸ்டோ லொக்கைத் தாண்டி, கிங்ஸ் லொக் வரை போனோம். அதுவரை பொத்தானை அமுக்கினால் கதவு அசைந்தது. கிங்ஸ் லொக்கில் இருந்து மேலே எல்லாம் கைவேலை. கதவோடு சேர்ந்த பெரிய மர உத்தரம் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதில் முதுகைச் சாய்த்து, காலை ஊன்றித் தள்ள வேண்டும். தண்ணீர் சமமாகும் வரை அது கல். சமமான பிறகு நான்கூடத் தள்ளலாம். தள்ளினேன். படகு வெளியே போனது. கதவை மூடப் போனபோது அக்கா சொன்னார்: "முதல்ல யாரும் வாறாங்களான்னு பாரு. வந்தா தொறந்தே வை."

அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா பதறிப்போனார். அப்போதுதான் அவரிடம் சொன்னேன். இன்று உங்களிடமும் சொல்கிறேன்.

பத்தாம், பதினோராம் ஆண்டுகளில் என் பக்கத்து வாங்கில் ஒருத்தி இருந்தாள். பெயர் வேண்டாம், என் வகுப்புத் தோழியருக்குத் தெரியும். கணக்கில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. நான் மூன்று வரி எழுதும் கணக்கை அவள் ஒரு வரியில் முடிப்பாள். சாதாரண தரப் பரீட்சையில் இருவரும் நன்றாகச் சித்தியடைந்தோம். அப்போது இங்கே உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருக்கவில்லை. பதுளையில் தங்கிப் படிக்க வேண்டும், அதற்கு உதவிப் பணத்தோடு ஓர் இடம் இருந்தது. ஒரே ஓர் இடம். கணக்கு டீச்சர் எங்கள் லயத்துக்கு வந்து அப்பாவிடம் பேசினார். அடுத்த நாளே அப்பா பெரட்டுக்குப் போகாமல், ஒரு நாள் பேரை விட்டுவிட்டுப் போய் இடத்தைக் கேட்டார். அவளுக்கு அப்பா இல்லை. அவளுடைய அம்மாவால் அன்று வேலையை விட்டுப் போக முடியவில்லை. இடம் எனக்குக் கிடைத்தது. அவள் அடுத்த மாதமே கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குப் போனாள். எனக்கு இரண்டு கடிதம் எழுதினாள். பரீட்சை, பரீட்சை என்று நான் பதில் எழுதவில்லை.

பிறகு பதுளை மாவட்டத்து ஒதுக்கீட்டில் எனக்கு மருத்துவ பீடம் கிடைத்தது. "நீ கோட்டாவில் வந்தவள்தானே" என்று அங்கே ஒருவர் சொன்னபோது பல இரவு தூங்காமல் இருந்தேன். இன்று சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவேன். ஆமாம், எஞ்சினை நிறுத்திவிட்டு நின்றேன், தண்ணீர் தூக்கியது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வெட்கப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு.

வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போக இரண்டு மாதம் இருந்தபோது, கிளினிக்கில் ஒரு தாய் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "டொக்டர், இவளுக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது" என்றாள். குரலைக் கேட்டதும் நிமிர்ந்தேன். அவளேதான். என்னை நன்றாகத் தெரிந்தும் "டொக்டர்" என்றாள். நான் அவள் பெயரைச் சொன்னதும் சிரித்தாள். "நீ வந்தது எனக்குச் சந்தோஷந்தான் புள்ள. ரெண்டு பேருக்கும் எடம் இருந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்றாள். குறை சொல்லும் குரல் இல்லை. கணக்கின் விடையைச் சொல்வதுபோலச் சொன்னாள், வழக்கம்போல ஒரே வரியில்.

கிங்ஸ் லொக்கில் என்னை அழவைத்தது அந்த ஒரு வரிதான்.

இப்போது என் விண்ணப்பம். நமது சங்கம் நூற்றாண்டு நினைவாக ஒரு புலமைப்பரிசில் தொடங்க யோசித்திருக்கிறது. ஒவ்வொரு வருடமும் சாதாரண தரத்தில் முதலாவதாக வரும் மாணவிக்கு, உயர்தரம் முடியும் வரை முழுச் செலவு. நல்ல எண்ணம். அந்தக் காலத்தில் இருந்திருந்தால் அது எனக்கோ அவளுக்கோ கிடைத்திருக்கும். எங்கள் இருவரில் ஒருத்திக்கு. அதனால்தான் அதை மாற்றச் சொல்லிக் கேட்கிறேன்.

இன்று விஞ்ஞானப் பிரிவு இங்கேயே இருக்கிறது. ஆனால் பௌதிகவியலுக்கும் இணைந்த கணிதத்துக்கும் ஆசிரியர் வருவதும் மாறிப் போவதுமாக இருக்கிறது. பின்னேர வகுப்பு வைத்தால் தூரத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வீடு போக பஸ் இல்லை. பொருளாளர் அக்காவோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். ஒரு பிள்ளைக்கு ஒதுக்கும் பணத்தோடு நாம் ஒவ்வொருவரும் மாதம் ஒரு சிறு தொகை சேர்த்தால், இரண்டு பாடத்துக்கும் நிரந்தரமாக ஆசிரியை வைக்கலாம், வகுப்பு முடிந்ததும் கடைசித் தோட்டம் வரை ஒரு வானும் ஓடும். ஆசிரியை கரும்பலகையில் எழுதுவது ஒரு முறைதான். அதை ஒருத்தி பார்த்தாலும் இருபது பேர் பார்த்தாலும் சோக்கட்டி ஒன்றுதான். வான் ஓடும் டீசலும் ஒன்றுதான்.

கனடாவிலும் சென்னையிலும் துபாயிலும் கொழும்பிலும் இருந்து இந்த மலரைப் படிக்கப் போகும் அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் இதையே சொல்கிறேன். நாம் எல்லோரும் ஏறி வந்துவிட்டோம். திரும்பிப் பார்க்காமல் போய்விடுவது சுலபம், நானே அப்படிப் போனவள்தான். ஏறி வந்தவர்கள் செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. கதவைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

தேம்ஸ் நதி அந்தப் படகுப் பாதையின் மேல்முனையிலிருந்து கடல்நீர் ஏறிவரும் டெடிங்டன் வரை, ஏறத்தாழ 70 மீற்றர்தான் இறங்குகிறது. அதாவது நம் துன்ஹிந்தவை விடச் சற்றுத்தான் கூட. நம் ஆறு அதை ஒரு தாவலில் குதிக்கிறது. அவர்கள் அதை சுமார் 200 கிலோமீற்றரில், நாற்பதுக்கும் மேற்பட்ட லொக்குகளாகப் பிரித்து, சின்னப் படகும் ஏறிப்போகும்படி செய்திருக்கிறார்கள். ஏற்றம் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதில் படி கட்டினார்களா என்பதுதான் வித்தியாசம்.

கடைசியாக ஒன்று. அன்று இருமலோடு வந்த அந்தச் சிறுமி இன்று இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள். வருகிற வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். கணக்கில் அம்மாவைப் போல. அவளுக்கு என்னால் தனியாக உதவ முடியும், உதவுவேன். ஆனால் அவளுடைய பக்கத்து வாங்கிலும் ஒருத்தி இருப்பாள் அல்லவா?